புது முள்ளை முதல் நாளே உரசாதீர்கள்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். சுற்றும் ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் உரசி ஒலி எழுப்பும் டிஜே வித்தையான ஸ்க்ராட்ச் பழக ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஆனால் கை நன்றாக ஓடும். பையிலிருந்து ஹெட்ஷெல்லை, அதாவது ரெக்கார்டு பிளேயர் கையின் நுனியில் மாட்டும் தலையை, எடுத்து மேசையில் வைத்தான். முள்ளைப் பிடித்து அதன் அசைவை ஒலியாக்கும் கார்ட்ரிட்ஜ் அதில் மாட்டியிருந்தது. "அண்ணே, புது முள் வாங்கிப் போட்டும் தாவுது. பழசே தேவலாம் போல."

எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். நேற்று ராத்திரி. முள்மேல் எவ்வளவு எடை வைத்தாய்? "பின்னாடி இருக்கிற வெயிட்டை முழுசா உள்ள தள்ளிட்டேன்." அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஹெட்ஷெல்லின் தலையில் ஒரு சிங்கப்பூர் 50 காசு நாணயம், செல்லோடேப் சுற்றி, கல்யாண வீட்டு நெற்றிச்சுட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த நாணயம் மட்டுமே 6 கிராமுக்கு மேல். 3 கிராம் தாங்கச் செய்த முள் அது.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் நாணயம் ஒட்டியவன்தான். அன்று அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், முள் ஏன் ரெக்கார்டின் பள்ளத்தை விட்டுத் தாவுகிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு கைத்தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் நடந்து பாருங்கள், சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். அதே தடியை முன்னால் நீட்டித் தரையில் அழுத்தித் தள்ளிக்கொண்டு போனால் ஒவ்வோர் அடிக்கும் தடுக்கித் துள்ளும். ரெக்கார்டு முன்னோக்கிச் சுற்றும்போது முள் இழுபடும் தடி. நீங்கள் ரெக்கார்டைப் பின்னால் இழுக்கிற அந்த அரை நொடியில் அது தள்ளப்படும் தடி ஆகிவிடுகிறது. வீட்டில் பாட்டுக் கேட்கிறவரின் முள் அந்த நிலையைச் சந்திப்பதே இல்லை. நம்முடையது ஒரு நிமிடத்தில் நூறு தடவை சந்திக்கும்.

அந்தத் துள்ளலைத் தாங்குவது வைரம் இல்லை. வைரம் நுனியில் ஒரு பொட்டு. அது ஒட்டியிருக்கும் அலுமினியக் குழாய்த் தண்டு, அந்தத் தண்டு நுழைந்து உட்காரும் ஒரு கடுகளவு ரப்பர், இந்த இரண்டும்தான் வேலை செய்கின்றன. கடையில் வைரத்தைப் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் ரப்பரைப் பற்றி யோசியுங்கள்.

எதை வாங்குவது

நுனி உருண்டையாக இருக்க வேண்டும். ஓவல் நுனி பள்ளத்தின் சுவரில் மெல்லிய விளிம்பால் தொடும். அதனால் நுணுக்கமான ஒலிகளைப் பிடிக்கும், வீட்டில் கேட்க அருமை. ஆனால் பின்னால் இழுத்தால் அந்த விளிம்பே உளியாகி ரெக்கார்டைச் சீவும். உருண்டை நுனி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் போகும். 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஹிப்-ஹாப் டிஜே முன்னோடி கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் இந்த இரண்டையும் தானே போட்டுப் பார்த்துத்தான் உருண்டைக்கு வந்தார். அதற்குப் பிறகு இதில் விவாதம் இல்லை. அட்டையில் 'ஸ்ஃபெரிக்கல்' அல்லது 'கோனிக்கல்' என்று போட்டிருக்கும். ஆரம் 18 மைக்ரான், பழைய கணக்கில் 0.7 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

அடுத்தது, உங்களிடம் ஏற்கெனவே எந்த கார்ட்ரிட்ஜ் இருக்கிறது என்பது. முள் மட்டும் மாற்றுவதாக இருந்தால் அதற்கென்று செய்த முள்தான் பொருந்தும்.

எங்கள் தலைமுறையில் பாதிப் பேரிடம் இருந்தது ஷூர் எம்44-7. கருப்பு டப்பா போல, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முள் பள்ளத்தை விட்டு வராது. 9.5 மில்லிவோல்ட் வெளியீடு, சாதாரண வீட்டு கார்ட்ரிட்ஜைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்க்ராட்ச் பண்ணினால் சத்தம் மூஞ்சியில் அடிக்கும். 2018-இல் ஷூர் நிறுவனம் கார்ட்ரிட்ஜ், முள் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அந்த வருடம் பலர் அரிசி மூட்டை வாங்கி அடுக்குவது போல அதன் முள்ளான என்44-7-ஐ வாங்கி அடுக்கினார்கள். நான் நான்கு வாங்கினேன், கடைசி ஒன்று இன்னும் பெட்டியில்.

உங்களிடம் எம்44-7 உடம்பு இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஜப்பானின் ஜிக்கோ அதற்கு முள் செய்கிறது. 1873-இல் தையல் ஊசியில் தொடங்கிய நிறுவனம் அது. பின்னால் ஜே44ஏ 7 என்று தன் சொந்த கார்ட்ரிட்ஜையே இறக்கியது. ஷூரின் முள்ளை விட ஜிக்கோ முள் முதல் சில மணி நேரம் விறைப்பாக இருப்பதாக எனக்குப் படுகிறது. பழகிய பிறகு வித்தியாசம் தெரியவில்லை.

உடம்பே இல்லை, எல்லாம் புதிதாக வாங்க வேண்டும் என்றால் டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் கான்கார்ட் ஸ்க்ராட்ச். ஹெட்ஷெல்லும் கார்ட்ரிட்ஜும் ஒரே துண்டு. ஒயர் மாட்டும் வேலை இல்லை, கோணம் பார்க்கும் வேலை இல்லை, செருகித் திருகினால் முடிந்தது. 4 கிராமில் ஓடும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எனக்குப் பிடித்தது எம்44 தான், அது பழக்கதோஷம்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஷூர் நிறுத்தியபின் இணையத்தில் 'ஒரிஜினல்' என்44-7 மழைக்காளான் மாதிரி முளைத்தது. ஒரு விற்பனையாளரிடம் பாதி விலைக்கு இரண்டு வாங்கினேன். ஒன்றின் தண்டு பார்த்தவுடனே தெரியும்படி இடது பக்கம் சாய்ந்திருந்தது. மற்றொன்று கார்ட்ரிட்ஜில் செருகினால் ஆடியது, ஆட்டம் நிற்க டேப் சுற்ற வேண்டியிருந்தது. பணம் திரும்பி வரவே இல்லை. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வாங்கியதும் பார்க்க வேண்டியது

அப்பா சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு நகைப் பட்டறையில் முப்பது வருடம் கல் பதித்தவர். அவருடைய பத்து மடங்கு லென்ஸ் இப்போது என்னிடம். அவர் கல்லைப் பார்க்கிற முறையில்தான் நான் முள்ளைப் பார்க்கிறேன். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பொருளைக் கிட்டே கொண்டுவர வேண்டும், தலையைப் பொருளிடம் கொண்டுபோகக் கூடாது. வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும்.

முன்னால் நேராகப் பாருங்கள். தண்டு நட்ட நடுவில் இருக்கிறதா? வைரம் தண்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா, இல்லை யாரோ தட்டிவிட்டது போலச் சாய்ந்திருக்கிறதா? வைரம் தண்டில் ஒட்டுகிற இடத்தில் பசை திட்டாக வழிந்து நிற்கிறதா? கொஞ்சம் பசை தெரிந்தால் பரவாயில்லை, நுனி வரை வந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் பக்கவாட்டில் பாருங்கள், தண்டு எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று மனதில் பதிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ரப்பர் தளர்ந்ததா என்று தெரிந்துகொள்ள இந்தக் கோணம்தான் சாட்சி. நான் போனில் லென்ஸை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

பத்து மடங்கு லென்ஸில் வைரம் தேய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது, அதற்கு நுண்ணோக்கி வேண்டும். உடைசல், சாய்வு, அழுக்கு, இவைதான் தெரியும். புது முள்ளுக்கு இது போதும்.

மாட்டுவது

முள்ளின் பிளாஸ்டிக் பிடியை இரண்டு விரலால் பிடித்து நேராக முன்பக்கம் இழுத்தால் பழையது வந்துவிடும். முறுக்கக் கூடாது. புதியதை நேராகத் தள்ளுங்கள், இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். இதைச் செய்யும்போது ஆம்ப்ளிஃபையர் சத்தம் சுழியில் இருக்கட்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு அந்த 'டொப்' கேட்டால் கீழ்வீட்டு ஆன்ட்டி மறுநாள் லிஃப்டில் விசாரிப்பார்.

கார்ட்ரிட்ஜையே மாற்றுவதாக இருந்தால் நான்கு ஒயர்: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. உங்கள் ரெக்கார்டு பிளேயர் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்றால் ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து முள் நுனி வரை 52 மில்லிமீட்டர். ஒரு ஸ்கேல் போதும். கார்ட்ரிட்ஜை உள்பக்கமாகச் சாய்த்து மாட்டினால் தாவாது என்று சிலர் சத்தியம் செய்வார்கள். நான் இரண்டு வருடம் அப்படி ஓட்டிவிட்டு நேராக மாற்றிக்கொண்டேன். தாவல் கூடவில்லை, ரெக்கார்டு தேய்வது குறைந்த மாதிரி இருந்தது.

முள் ரெக்கார்டில் இருக்கும்போது பிளேயரின் கை (டோன்ஆர்ம்) கிடைமட்டமாக இருக்கும்படி உயரத்தை வையுங்கள்.

எடைக்கு வருவோம். டோன்ஆர்மின் பின்னால் இருக்கும் எண் வளையத்தை நம்பாதீர்கள், ஒரு சின்ன டிஜிட்டல் முள் தராசு வாங்குங்கள். இருபது வெள்ளிக்குள் கிடைக்கும், நீங்கள் வாங்கும் எல்லாவற்றிலும் அதுதான் உருப்படியான செலவு. எம்44-7 என்றால் 1.5 முதல் 3 கிராம் வரை என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் 3 கிராமில் வைக்கிறேன், அதற்கு மேல் போவதில்லை. தம்பியின் ஹெட்ஷெல்லை என் பிளேயரில் மாட்டி, அவன் வைத்திருந்த மாதிரியே பின் எடையையும் தள்ளி, தராசில் வைத்தேன். திரையில் எண் வரவில்லை, பிழை என்று காட்டியது.

எடை கூடினால் முள் நன்றாக அழுந்தி நிற்கும் என்றுதான் தோன்றும். ஓரளவு வரை அது சரி. அதைத் தாண்டினால் ரப்பர் நசுங்கி, தண்டு படுத்து, கார்ட்ரிட்ஜின் வயிறு ரெக்கார்டில் உரச ஆரம்பிக்கும். படுத்த தண்டுக்குத் துள்ளலை வாங்கிக்கொள்ள இடமில்லை, ஆகவே இன்னும் அதிகமாகத் தாவும். தாவுகிறதே என்று இன்னொரு நாணயம் ஒட்டுவோம்.

ஆன்ட்டி-ஸ்கேட்டிங் திருகு சுழியில் இருக்கட்டும். ரெக்கார்டு முன்னால் ஓடும்போது டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடும், அதைச் சமாளிக்கத்தான் அந்தத் திருகு அதை வெளிப்பக்கம் இழுக்கிறது. நீங்கள் ரெக்கார்டைப் பின்னால் இழுத்தால் உராய்வின் திசை மாறி, டோன்ஆர்ம் தானாகவே வெளிப்பக்கம் போகப் பார்க்கும். அந்த நேரத்தில் திருகும் சேர்ந்து இழுத்தால் முள் பக்கத்துப் பள்ளத்துக்குப் போகத்தான் செய்யும்.

பழக்குவது

என் கதைக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சின்னப் போட்டி, எனக்கு ஆறு நிமிடம். அன்று மத்தியானம் புது முள் இரண்டு வாங்கி, பெட்டியிலிருந்து நேராக மேடைக்குக் கொண்டுபோனேன். நல்ல பொருளோடு போகிறோம் என்ற பெருமை வேறு. அரங்கில் குளிர்சாதனம் பல் கிட்டுமளவுக்கு. ஆரம்பித்து நாற்பது நொடியில் வலது பக்க முள் தாவியது. திரும்ப வைத்தேன், மறுபடி தாவியது. மீதி ஐந்து நிமிடமும் ஒரு கையால் ஸ்க்ராட்ச், ஒரு கையால் டோன்ஆர்மைத் தூக்கி வைப்பது என்றே போனது. வீட்டுக்கு வந்து அடுத்த வாரம் அதே முட்களில் அதே உருப்படியை வாசித்தேன், ஒரு தாவல் இல்லை.

நடந்தது இதுதான். புது ரப்பர் விறைப்பாக இருக்கும். குளிரில் எந்த ரப்பரும் இன்னும் விறைக்கும். விறைத்த ரப்பர் துள்ளலை உள்வாங்காமல் முள்ளையே தூக்கி எறியும். சில மணி நேரம் சும்மா ஓடினால் அது இளகித் தன் நிலைக்கு வரும். வைரத்துக்கு இந்தச் சில மணி நேரத்தில் ஒன்றும் ஆவதில்லை. பழக்குவது என்பது முழுக்க முழுக்க ரப்பரைப் பழக்குவதுதான்.

நான் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன். முதல் மூன்று நாள் ஸ்க்ராட்சே கிடையாது. வேலை முடிந்து வந்ததும் ஒரு எல்பி போட்டுவிட்டுக் குளிக்கப் போவேன், திரும்பி வந்து பக்கத்தை மாற்றுவேன், சாப்பிட்டுக்கொண்டே இன்னொன்று. ஒரு எல்பி இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடம் என்று வைத்தால், தினம் நான்கு எல்பி, மூன்று நாளில் எட்டு மணி நேரம். வளைந்த ரெக்கார்டு வேண்டாம், அழுக்கு ரெக்கார்டும் வேண்டாம். பேஸ் நன்றாக இருக்கிற, சத்தமாக வெட்டப்பட்ட 12 அங்குல ரெக்கார்டு கிடைத்தால் நல்லது. பள்ளத்தின் ஆட்டம் பெரிதாக இருந்தால் தண்டும் நன்றாக அசையும். குளிர்சாதனத்தை அணைத்துவிடுங்கள், நம்மூர்ப் புழுக்கம் இதற்காவது உதவட்டும்.

எடையை முதல் நாளே முழுதாக வைத்துவிடுங்கள். மெதுவாக எடையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை, குறைந்த எடையில் முள் பள்ளத்தில் ஆடுவதுதான் ரெக்கார்டுக்குக் கெடுதல்.

நான்காம் நாள் கை வைக்கலாம். முதலில் ரெக்கார்டை நிறுத்தி விடுவது, அவ்வளவுதான். பிறகு கால் சுற்று பின்னால் இழுத்து விடுவது, மெதுவாக. ஒலியைத் திறந்து மூடும் ஃபேடரைத் தொடாதீர்கள், ஒலி திறந்தே இருக்கட்டும், அப்போதுதான் முள் என்ன செய்கிறது என்று காதுக்குத் தெரியும். பின்னால் போகும்போது 'கிறுக்' என்று ஒரு சின்ன வெடிப்பு கேட்டால் முள் பள்ளத்தின் சுவரில் ஏறி இறங்குகிறது என்று அர்த்தம், இன்னொரு நாள் சும்மா ஓட்டுங்கள். சுத்தமாக இருந்தால் ஐந்தாம் நாள் எளிய பேபி ஸ்க்ராட்ச், ஆறாம் நாள் டேர், சர்ப் போன்ற அடுத்த வகைகள். ஏழாம் நாள் உங்கள் இஷ்டம்.

தம்பிக்கு இதைச் சொன்னபோது "ஒரு வாரமா?" என்றான். அவனுக்கு வெள்ளிக்கிழமை எங்கேயோ வாசிக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால் பழைய முள்ளோடு போ என்றேன்.

சோதனை

பழகிவிட்டதா என்று பார்க்க ஸ்கிப்லெஸ் ரெக்கார்டில், அதாவது ஒரே ஒலி ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும்படி வெட்டிய பயிற்சி ரெக்கார்டில், சோதிக்காதீர்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 நொடி. சரியாக நிமிடத்துக்கு 133⅓ தாளம் (பிபிஎம்) என்று வெட்டினால் ஒரு சுற்றில் நான்கு தாளம் அடங்கும், அதனால் முள் பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவினாலும் அதே இடத்தில்தான் விழும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பயிற்சிக்கு அது வரப்பிரசாதம், சோதனைக்கு அது பொய்சாட்சி. கணினியில் ஓடும் பாட்டைக் கட்டுப்படுத்தும் டைம்கோட் ரெக்கார்டில், முள் இருக்கும் இடத்தைப் பார்க்காமல் அசைவை மட்டும் பின்பற்றும் ரிலேட்டிவ் மோடும் அப்படித்தான்: முள் தாவினாலும் பாட்டு தாவாது. தம்பி ஒரு வருடமாக அதில்தான் பழகியிருக்கிறான். உண்மையான ரெக்கார்டைப் போட்டதும்தான் வண்டவாளம் வெளியே வந்தது.

ஒரு சாதாரண பழைய ரெக்கார்டில், ஒரு பேச்சுக்குரல் வருகிற இடத்தைத் தேர்ந்தெடுத்து, மெல்லிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி அடையாளம் வையுங்கள். ஒரு நிமிடம் உங்களால் முடிந்த வேகத்தில் அந்த ஒரே சொல்லை உரசுங்கள். விட்டதும் அதே சொல் அதே அடையாளத்தில் வர வேண்டும். இதை ரெக்கார்டின் வெளி ஓரத்திலும், லேபிளுக்குக் கிட்டேயும் செய்யுங்கள். உள்ளே தாவி வெளியே தாவாவிட்டால் முள்ளைக் குறை சொல்லும் முன் 52 மில்லிமீட்டரைத் திரும்ப அளங்கள். எங்குமே தாவினால் ரெக்கார்டுக்கு அடியில் வழுக்குவதற்காகப் போடும் துணி வட்டமான ஸ்லிப்மேட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் இன்னும் தடித்த ரப்பர் மேட் இருந்தால் எடுத்துவிட்டு, ரெக்கார்டு உறையின் மெல்லிய பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டிப் போடுங்கள். மேட் வழுக்கினால் உங்கள் கை ரெக்கார்டை அழுத்தும் தேவை குறையும். பாதித் தாவல் கனத்த கையால் வருவது.

வைத்துக் காப்பாற்றுவது

சுத்தம் செய்வது எப்போதும் பின்னாலிருந்து முன்னால், அதாவது முள் இழுபடும் திசையில். எதிர்த் திசையில் பிரஷ் போட்டால் தண்டு மடங்கும். சின்ன, உலர்ந்த பிரஷ் போதும். ஆல்கஹால் திரவத்தில் முக்கி எடுக்காதீர்கள், வைரத்தைப் பிடித்திருப்பது பசைதான். ஸ்லிப்மேட்டின் நூல் தும்பு நுனியில் பந்து கட்டுவதுதான் மேடையில் முள் மூழ்கிப்போகும் முதல் காரணம், ஒவ்வொரு செட்டுக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். விரலால் தடவாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு ஜோடி, மேடைக்கு ஒரு ஜோடி. மேடை ஜோடியையும் மாதம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள். குளிர்ந்த அரங்குக்குப் போனால் வாசிக்கும் முன் கால் மணி நேரம் ரெக்கார்டில் வைத்துச் சும்மா ஓடவிடுங்கள், கேட்க யாரும் இல்லாவிட்டாலும்.

எப்போது தூக்கிப் போடுவது? மணிக்கணக்கை நான் நம்புவதில்லை, ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு மாதிரி. டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டு 'ட்ஸ்' என்று வெட்டாமல் 'ஷ்ஷ்' என்று சிதறினால், குரலில் ஸகாரம் எச்சில் தெறிப்பது போலக் கேட்டால், வைரம் தேய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அது உங்கள் ரெக்கார்டைத்தான் செதுக்கும். ஒலி நன்றாக இருந்தும் தாவ ஆரம்பித்தால் ரப்பர் போய்விட்டது. முதல் நாள் எடுத்த படத்தோடு தண்டின் கோணத்தை ஒப்பிட்டால் தெரியும். டைம்கோட் ரெக்கார்டோடு செராட்டோ என்ற டிஜே மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், முள் தரும் சிக்னலைக் காட்டும் அதன் ஸ்கோப் திரையில் வட்டம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கலாம். நசுங்கிய தோசை மாதிரித் தெரிந்தால் முதலில் முள்ளைத் துடையுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

மாற்றிய பழைய முள்ளில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்திலோ தெருக்கடையிலோ வாங்கிய, கீறலும் பூஞ்சையுமாக இருக்கிற ரெக்கார்டை முதல் தடவை கழுவிவிட்டு அதில்தான் போட்டுப் பார்ப்பேன்.